மேற்கே நின்ற மேகம்

என் அப்பாவுக்கு மழை என்றால் கிழக்குதான். வேறு திசையிலிருந்தும் மழை வரும் என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பிறந்தது வேதாரண்யம் பக்கம், உப்பளக் குடும்பம். பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது மழை பெய்தால் பட்ட பாடெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதனால் அங்கே எழுந்ததும் முதலில் கடல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் பல் துலக்குவார்கள். கடல் கிழக்கே இருந்தது, மேகமும் அங்கிருந்துதான் வந்தது. ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தபோது அப்பா பெட்டி படுக்கையோடு இந்தப் பழக்கத்தையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஹைதராபாத்தில் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று கிழக்கே பார்ப்பார். வெளுத்திருந்தால் குடையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து வருவார். அம்மா துண்டோடு தயாராக நிற்பாள். "இது பருவம் தப்புன மழை, கணக்குல சேராது" என்பார் தலையைத் துவட்டிக்கொண்டே. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்வதெல்லாம் அவருக்குக் கணக்கில் சேராத மழைதான். எப்போதாவது வங்கக் கடலில் புயல் கிளம்பி, ஆந்திரக் கரையேறி, எங்கள் ஊர்வரை மேகத்தை அனுப்பும். அன்றைக்கு மட்டும் குடையோடு போய் நனையாமல் திரும்புவார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் எங்களிடம் பெருமையடிப்பார்.

அவருக்கு மேகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பொய். எந்த மேகம் என்ன செய்யும் என்பது நன்றாகவே தெரியும். திசைதான் தகராறு. ரொம்ப உயரத்தில் வெள்ளை மயிரிழைகளை இழுத்துவிட்டாற்போல் தெரிவதைக் குதிரைவால் என்பார். அது வந்தால் இன்றைக்கு மழையில்லை, ஓரிரு நாளில் வானம் மாறலாம். நான் கல்லூரியில் புவியியல் எடுத்தபோது அதற்குக் கீற்று மேகம் என்று பெயர் சொன்னேன். அவருடைய பஞ்சுப்பொதி எனக்குத் திரள் மேகம். அடி தட்டையாக, தலை உருண்டையாகத் தனித்தனியே மிதந்தால் நல்ல வெயில். மத்தியானத்துக்குள் தலை கோபுரமாக உயர ஆரம்பித்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடலாம். வானம் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தால் அது படை மேகம். தூறும், சளி பிடிக்கவைக்கும், இடிக்காது. மொட்டை மாடியில் நின்று ஒரே மேகத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துச் சண்டை போடுவோம். எங்கள் வீட்டில் நடந்த சந்தோஷமான சண்டைகள் அவைதாம்.

எழுபதுகளின் கடைசியில் படிப்பு முடிந்தது. விமான நிலையத்தை ஒட்டியிருந்த வானிலை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து வானத்தைப் பார்க்க வேண்டும். என்ன மேகம், எவ்வளவு உயரம், வானத்தை எட்டுப் பங்காக்கினால் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். இதற்குச் சம்பளமும் தருவார்கள் என்று தெரிந்தபோது நான் சமையலறையிலேயே குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. ராத்திரி முறையும் உண்டு என்பது அவரை உறுத்தியது. "பாக்க வர்ற பையன் வீட்டுல ஒத்துக்கிட்டா போம்மா. இல்லன்னா வேணாம்" என்று முடித்துவிட்டார். ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்குள் என் வேலை, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பையன் வீடு சிகந்தராபாத். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பெண் பார்க்க மே மாதத்தில் ஒரு சாயங்காலம் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை, வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது. மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. "மழ வந்துச்சுன்னா?" என்று அம்மா கேட்டாள். அப்பா மாடியேறிக் கிழக்கே பார்த்துவிட்டு இறங்கிவந்து, "ஒரு பொட்டு மேகம் இல்ல" என்றார். அக்கம்பக்கத்தில் நாற்காலி இரவல் வாங்கி மாடியில் வரிசையாகப் போட்டார்கள்.

அம்மா எனக்கு உத்தரவு போட்டாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வேலை விஷயத்த நீயா எடுக்காத. அவங்களுக்கு உன்னயப் புடிச்சுப்போவட்டும், அப்பறம் நான் பதமாப் பேசிக்கிறேன்."

காபித் தட்டோடு மாடியேறினேன். தலை குனிந்து நடக்க வேண்டும் என்றார்கள், நடந்தேன். நிமிர்ந்தபோது பையனைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது வானத்தை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், மேற்கே, ஒரு கார்திரள் மேகம் நின்றிருந்தது. அடி கன்னங்கறுப்பு. உடம்பு பொங்கிப் பொங்கி மேலேறி, உச்சி மட்டும் இரண்டு பக்கமும் தட்டையாக விரிந்து, அப்பாவின் தொழிற்சாலையில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையைப் போல இருந்தது. உச்சி அப்படி விரிந்துவிட்டால் மேகம் முற்றிவிட்டது என்று அர்த்தம். முதலில் புழுதிக் காற்று, பிறகு இடி, மழை, ஆலங்கட்டிகூட விழும். அந்த நிமிஷம் காற்று துளியும் அசையாமல் புழுங்கியது. அது இன்னும் மோசம்.

அப்பாவோ மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க பக்கத்துல எல்லாருக்கும் வானம் பாக்கத் தெரியும். கிழக்கால பாருங்க, எப்புடி வெளுத்துக் கெடக்கு. இன்னிக்கி மழைக்கி வழியே இல்ல" என்றார்.

பையனின் அப்பா மேற்கே ஒரு பார்வை பார்த்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கா தெரியாது? ஆனால் முதல்முதலாக வந்த இடத்தில் பெண்ணின் அப்பா சொல்வதை மறுப்பது எப்படி? "ஹவ், ஹவ். நீங்க சொன்னா கரெக்ட்டாத்தான் இருக்கும்" என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டார். பையனின் அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டார். பையன் நாற்காலியை மாடிப்படிப் பக்கம் மெல்ல நகர்த்தினார். எல்லோரும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பதற்றம் ஒரு பக்கம்.

அதற்குள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஓடிவந்து, மாடியின் மறுகோடியில் காயப்போட்டிருந்த மிளகாயைச் சாக்கில் அள்ளினார். "வான ஒஸ்துந்தண்டி" என்று எங்கள் பக்கம் குரல் கொடுத்தார். மழை வருகிறதாம். "அந்தம்மா எப்பவும் இப்புடித்தான், பயந்த சுபாவம்" என்று அப்பா விருந்தாளிகளுக்கு விளக்கம் சொன்னார்.

"பாட்டு ஏதாச்சும் வருமாம்மா?" என்று பையனின் அம்மா என்னைக் கேட்டார்.

"பாட்டு வராதுங்க. மழதான் வருது. எல்லாரும் கீழ போயிடலாம்" என்றேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்ற உத்தரவைப் பாதியாவது காப்பாற்றினேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "சும்மா இரும்மா" என்றார் அப்பா. பையனின் அப்பா, "நக்கோம்மா, காபி குடிச்சிட்டு மெல்லாப் போலாம்" என்று அதே உருதுவில் வேண்டாம் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தினார். சொல்லும்போதே கப்பைச் சீக்கிரமாகக் காலிசெய்தார்.

காற்று தொட்டியின் மேலிருந்து ஒரு புழுதிச் சுவராக இறங்கியது. பஜ்ஜித் தட்டுகள் பறந்தன, இரவல் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. அடுத்தாற்போல் மழை, கூடவே நெல்லிக்காய் அளவில் ஆலங்கட்டி. பையனின் அப்பா காபித் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆலங்கட்டி அதில் விழுந்து மாடிப்படி முழுக்க மேளம் கொட்டியது. எங்கள் முன்னறையில் அத்தனை பேரும் நனைந்து, ஒட்டிக்கொண்டு நின்றோம். பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

"வந்ததுமே பாத்துட்டேன் அந்த மேகத்த. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார் பையனின் அம்மா, துண்டை வாங்கிக்கொண்டே. "உனக்கு எப்டிம்மா தெரிஞ்சிச்சு?"

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. படித்ததைச் சொன்னேன், கிடைத்த வேலையையும் சொன்னேன். "ராத்திரி டியூட்டியுமா?" என்று பையன் வீட்டார் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஆமாம் என்றேன். அத்தோடு சிரிப்பு நின்றது. மழை நின்றதும் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். "நல்ல பொண்ணுதானாம். ஆனா வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு நெனைக்கிறாங்க. வேலையும் சரிப்படாதாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தம் போனதற்கு நான் கவலைப்படவில்லை. அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் வேலை என்று அப்பா சொல்லியிருந்தாரே. பாயில் குப்புறப் படுத்து அழுதேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்கு வாய் ஜாஸ்தி?" என்றார். "அந்த மழ கணக்குல சேராது, அது வேற விஷயம். ஆனா அத்தன பேரும் மேகத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. எனக்கு மரியாத குடுக்குறாங்களாம். நான் நனஞ்சா நனையட்டும்னு விட்டுட்டாங்க. இவ ஒருத்திதான் எங்கிட்டச் சொன்னா. இந்த வாய மூடிக்கிட்டு அந்த வீட்டுல போயி உக்காரணுமா எம்பொண்ணு?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒண்ணாந்தேதிதானம்மா? ராத்திரி முறைக்கி நான் கொண்டாந்து விடுறேன். சேரு."

வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கியவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேச முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் ஒன்றாம் தேதி அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் மாறி மாறி வந்தார். வானிலை நிலையத்தின் வாசலில் அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியுமா என்றுகூடக் கேட்காமல் அப்பா நேரே போய்க் கும்பிட்டார்.

"எம்பொண்ணுங்க" என்றார். "வானத்துல உள்ளத உள்ளபடி சொல்லும்."