தகட்டில் நான் அடித்த எண்

அன்று காலை ஷெட்டில் மூன்று பேர் இருந்தோம்: தகடு வெட்டும் அண்ணன், சூப்பர்வைசர், நான். இருந்திருக்க வேண்டிய ஆள், வாடிக்கையாளர் அனுப்பும் இன்ஸ்பெக்டர், வந்து சேரவில்லை.

அம்பத்தூரில் நீராவி டிரம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியராக எனக்கு ஐந்தாவது மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒவ்வொரு தகட்டிலும் அதன் ரகத்தைச் சொல்லும் எண் பொறித்திருக்கும். வெட்டும் முன்பே, எண் இல்லாமல் பிரியப்போகும் துண்டிலும் அதை அடிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் கண்முன்னால். நான் போனபோது வெட்டியே முடித்திருந்தார்கள். எண் இல்லாத இரண்டு துண்டுகள், ஒரே கனம். ஒன்று டிரம்முக்கான உயர்ரகம். இன்னொன்று டிரம்மின் காலுக்கு வைக்கும் சாதா இரும்பு.

"எதுண்ணே டிரம்முக்கு?"

"மேல கீது பாரு, அதான்."

"நிச்சயமாவா?"

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேட்டுகினு கீற? இரும்புக்கு மூஞ்சியா கீது?"

சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். "இன்ஸ்பெக்டர் கரையான்சாவடி தாண்டிட்டாராம். அடிச்சுடு நைனா."

மேலே இருந்ததில் அடித்தேன். வந்த இன்ஸ்பெக்டர் எண்ணைப் பார்த்துக் கையெழுத்திட்டார். கீழே நானும் போட்டேன். எங்கள் வீட்டில் அப்பா இன்றும் கைநாட்டுதான்.

தகடு வளைந்து டிரம்மானது. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்குப் போக வேண்டியது. தண்ணீர் ஏற்றிச் சோதித்தால் சாதா இரும்பும் தாங்கிவிடும். பிறகு என்றைக்காவது, பக்கத்தில் துணி மடிப்பவர்கள் நிற்கும்போது வெடித்தால்? ஆவடி பஸ்ஸில் குக்கர் வாங்கிப் போகும் பெண்ணைப் பார்த்தால்கூட எட்டப் போய் நின்றேன். சொன்னால் வேலை போகும். நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "சார்னு கூப்பிடறாங்களேன்னு அடிச்சியா?" என்றார்.

இரும்பில் பொறி தெறிக்கவிட்டு ரகம் பார்க்கும் மிஷினை வரவழைத்தார்கள். மிஷினோடு வந்த ஆள் டிரம்மில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் சாதா இரும்பு.

வேலை போகவில்லை, நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. டிரம்மை அறுத்துப் போட்டார்கள். புதுத் தகடு, வெல்டிங், தாமதத்துக்கான அபராதம் எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு ஆன செலவு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.