மேலே கெபின், கீழே பீலி

இரண்டு நாளாக மகள் போன் எடுக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என்றால்கூட நேர வித்தியாசம், வேலை என்று எதையாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். என் மகள் தாரணி இருப்பது டயகமவுக்கு மேலே. ஹட்டனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஏறி இறங்கி, அப்புறம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். விவசாயம் படித்தவள். அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொலித்தீன் கூடாரம் போட்டு ஸ்ட்ராபெரி வளர்க்கிறாள். பக்கத்திலேயே பலகையில் ஒரு சின்னக் கெபின். கரண்ட் கம்பம் கீழே தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் கடைசி லயத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே மலை, மூடுபனி, என் மகள்.

அந்த இரண்டு நாளும் விடாத மழை. மண் சரிவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, தகரத்தில் மழை விழும் சத்தம் எப்படிக் கேட்கும் என்று சொல்லவா வேண்டும்?

மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூட அதிபரிடம் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது ஒரு சாமிக்கு நேர்ந்துகொண்டேன். எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்தேன் என்பது இப்போது நினைவில்லை... கடைசி லயத்தில் நின்று, "எம்மகளப் பாத்தீங்களா?" என்று அழுதேன். ஐந்தாறு பேர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு என்னோடு ஏறினார்கள்.

மேலே போய்ப் பார்த்தால், தாரணி வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறாள்!

"என்னம்மா, இத்தன பேரோட வந்திருக்கீங்க? பொண்ணு பாக்க வந்தீங்களா?"

போனுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் மூடுபனியில் சோலார் பேட்டரி செத்துவிட்டது. வெயில் வந்ததும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். கையை ஓங்கினேன். கட்டிப்பிடித்து அழுதேன். எது முதலில் நடந்தது என்று கேட்காதீர்கள்.

"கரண்டும் தண்ணியும் ஒழுங்கா வர்ற வரைக்கும் நீ இங்க இருக்கக் கூடாது."

ஒரு கிழமைதான், ஏழு நாளுக்கு மேல் முடியாது என்று அவள் ஒப்புக்கொண்டாள். அந்தக் கிழமை மட்டும் செடிகளைப் பார்த்துக்கொள்வதாகச் செல்வமணி சொன்னார். கடைசி லயத்தில் இருப்பவர். தேயிலைக் கொழுந்து பறிப்பவர். என் வயதுதான் இருக்கும்.

ஒரு கிழமைக்குள் கரண்டுக்கும் தண்ணீருக்கும் வழி கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன்.

டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம் போனேன்; ஊருக்கே அவர் 'நானா'.

"டீச்சர், எத்தன வாட் வேணும்?"

"உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

நானா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அத நீங்கதான் சொல்லணும் டீச்சர். பல்பு எத்தன? போன் எத்தன? பம்பு ஈக்கா?"

நான் வரலாறு படிப்பிக்கிறவள். எந்த ராஜா எந்தக் குளத்தைக் கட்டினான் என்று கேளுங்கள், சொல்கிறேன். வாட்டுக்கு எங்கே போவேன்?

ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். இடது பக்கம் கரண்ட், வலது பக்கம் தண்ணீர். பெரிய பேனல் ஒன்றா, சின்னது இரண்டா? லித்தியம் பேட்டரியா, பழைய மாதிரி பேட்டரியா? ஒரு வீடியோவில் லித்தியத்துக்குக் குளிர் ஆகாது என்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், குளிர் ஆகாதது மற்றதற்குத்தான் என்கிறார். பேட்டரிக்குக் கம்பளி போர்த்தலாமா என்று யாருமே சொல்லவில்லை.

ஸ்டாஃப் ரூமில் விஞ்ஞான டீச்சர், "ஓடை இருக்கே? சின்ன டர்பைன் ஒண்ணு வச்சா இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட்!" என்றார். அலுவலகத்தில் யாரோ ஜெனரேட்டர் வாங்கச் சொன்னதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அந்தச் சத்தத்துக்குக் காட்டுப்பன்றிகூட வராதாம். தண்ணீருக்கு மழைத் தொட்டியா, ஓடையிலிருந்து இப்போது இருக்கும் குழாயே போதுமா, பம்பா, ஃபில்டரா... கொப்பி பாதி நிறைந்துவிட்டது. தலை முழுதாகவே நிறைந்துவிட்டது.

ஐந்தாம் நாள் தாரணி கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க கரண்ட் தேடல. நான் திரும்பிப் போகாம இருக்கறதுக்குக் காரணம் தேடுறீங்க."

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் சொன்னது உண்மைதான். நான் குழம்பிக்கொண்டிருக்கும் வரைக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். பக்கத்து அறையில் தூங்குகிறாள். நான் கூப்பிட்டால் "என்னம்மா?" என்கிறாள். தெளிவு வந்து என்ன லாபம்?

ஆனாலும் சனிக்கிழமை மேலே போனேன். கையில் வாளி. ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து வரும்படி விஞ்ஞான டீச்சர் சொல்லியிருந்தார். வாளியை வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் நிரம்பி வழிந்தது. டர்பைன் ஓடும்! அந்தக் கிழமையில் நான் சிரித்தது அப்போதுதான்.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த செல்வமணியும் சிரித்தார். வேறு காரணத்துக்கு.

"மழைக்குப் பொறகு எல்லா ஓடையும் ஆறுதாங்க டீச்சர். மாசியில வந்து வாளிய வைங்க. தவளகூட வேற எடம் பாத்துப் போயிருக்கும்."

"அப்ப கோடையில குடிக்கத் தண்ணி?"

"ஒங்க புள்ள எங்க பீலிக்கு வரட்டும்ங்க. எந்தக் கோடையிலயும் அது நின்னதில்ல."

பீலி, லயத்துக்குப் பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடம். கெபினிலிருந்து பத்து நிமிட இறக்கம்.

"அதிலருந்து மேல ஏத்த முடியாதா?"

"ஏத்தலாங்க. பம்பு வேணும். பம்புக்குக் கரண்டு வேணும். கரண்டுக்கு வெயில் வேணும்." செல்வமணி கையில் இருந்த பூவாளியைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க டீச்சர். காலையில பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் குடுக்கப் போறதுக்கு முன்னாடி நாங்க எல்லாரும் பீலியிலதான் நிப்போம். ஒரு ஆளு வரலன்னா, ஏன் வரலன்னு அங்கயே பேச்சு வந்துரும். ஒங்க புள்ளைக்குத்தான் ஓடையிலருந்து வீட்டுக்கே குழாய் போட்டுக் குடுத்திட்டீங்களே... அது ஏன் எறங்கி வரப்போகுது? ரெண்டு நாளு காணலன்னு எங்களுக்கும் தெரியல."

நான் வாளியில் இருந்த தண்ணீரைக் கொட்டினேன்.

அந்தக் குழாயைப் போட்டது யார்? நான்தான். பிள்ளை கஷ்டப்படக் கூடாதே என்று, அவள் கேட்காமலே போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை கொப்பியை மூடிவிட்டேன். இன்னொரு பேட்டரி, கொஞ்சம் பெரிய பேனல். இரண்டு நாள் பனியைத் தாங்கும் என்று நானா சொன்னார். செடிகளுக்கு மழைத் தொட்டி. ஓடைக் குழாய் இனிக் குளிக்கவும் கழுவவும் மட்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு கேன், தினம் காலையில் பீலியிலிருந்து.

தாரணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வசதி பண்ணித் தர்றேன்னு ஒரு கிழமை படிச்சீங்க. கடைசியில கேன் தூக்க வைக்கிறீங்களா?"

"ஊத்துத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுடி."

முப்பது பிள்ளைகளின் பொய்யை முகத்திலேயே கண்டுபிடிக்கும் டீச்சர் சொன்ன பொய் அது.

ஞாயிற்றுக்கிழமை போனாள். மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறேகாலுக்கு என் போனில் ஒரு மிஸ்ட் கோல். செல்வமணி. "புள்ள பீலிக்கு வந்துட்டுப் போயிருச்சு" என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

எங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்டால் வெளிச்சம், குழாயைத் திறந்தால் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? யோசித்துப் பார்க்கிறேன்... உங்களுக்கு எப்படி?

செய்தது சரிதானா என்று இப்போதும் தெரியாது. காலில் ஈரம் ஒட்டும் ஒற்றையடிப் பாதையில் தினமும் கேனோடு பிள்ளையை நடக்க வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? வழுக்கினால்? சிறுத்தை வந்தால்? இதற்கெல்லாம் கொப்பியில் பக்கமே இல்லை.

நேற்று தாரணியே எனக்குப் போன் எடுத்தாள். குரலில் ஒரே சந்தோஷம்.

"அம்மா, நானா கடையில சின்ன சோலார் பம்பு வந்திருக்காம். பீலியிலருந்து கெபினுக்கே தண்ணி ஏத்தலாமாம். லயத்துலயும் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. இனிமே கேன் தூக்கத் தேவையில்ல. போட்டுருவோமா?"

மேசை லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்தேன்.

"பம்புல நெறைய ஆப்ஷன் இருக்குடி. எனக்கு ஒரே குழப்பமா இருக்கு... ஆறுதலா யோசிச்சுச் சொல்றேன்."