பூஜ்யம்னா குண்டா, சன்னமா?

இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நெல்லு ரகத்துக்கு ரெண்டே ரெண்டு பேரு. அதை புரோகிராம்ல எழுதி வைக்க விடமாட்டேன்னு ஒரு மனுஷன் பிடிச்ச வீம்புல, எங்க அம்மா விளைவிச்ச குறுவை நெல்லு நாலு நாள் வெட்டவெளியில கிடந்துச்சு. மேல வானம் கறுத்துக்கிட்டு நிக்குது. ஒரு நல்ல மழை பிடிச்சுக்கிட்டா அவ்வளவு நெல்லும் குவியல்லயே முளைச்சுப் போயிரும்.

எங்க ஊர் நன்னிலம் பக்கம். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவங்க வயல்ல வேலை செஞ்ச குடும்பம். அப்பா போனப்புறம் அம்மா துணிஞ்சு குத்தகைக்கு நிலம் எடுத்து, தானே பயிர் வைக்கிறாங்க. நான் தஞ்சாவூர்ல ஒரு சின்ன கம்பெனியில வேலை பாக்குறேன். நெல்லோட ஈரப்பதத்தை அளக்குற மெஷின் செய்யுற கம்பெனி. ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பட்டனை அமுக்கினா, இவ்வளவு ஈரம்னு நம்பர் காட்டும். அந்த நம்பர் பதினேழைத் தாண்டினா கொள்முதல் நிலையத்துல நெல்லை எடுக்க மாட்டாங்க. மெஷினுக்குள்ள ஓடுற டிரைவர் எழுதுறது என் வேலை. டிரைவர்னா ஸ்டியரிங் பிடிக்கிறவர் இல்லீங்க, சிப்புகிட்ட நேரா பேசி வேலை வாங்குற புரோகிராம்.

மெஷின்ல ரெண்டு பட்டன். குண்டு ரகத்துக்கு ஒண்ணு, சன்ன ரகத்துக்கு ஒண்ணு. மணி பருமனா இருந்தா சென்சார் ஒரு மாதிரி படிக்கும், ஒல்லியா இருந்தா வேற மாதிரி படிக்கும். அதனால உள்ள இருக்கறது எந்த நெல்லுன்னு சிப்புக்குச் சொல்லியாகணும். சிப்புக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, ஒரு நம்பரைத்தான் அனுப்பணும். பூஜ்யம், இல்லேன்னா ஒண்ணு. பட்டனைப் படிக்கிற ஃபைலை நான் புதுசா எழுதினேன். அதுல பூஜ்யம்னா குண்டு. சென்சாரோட ஃபைல், எங்க டீம் லீடர் முன்னாடி வேற மாநிலத்துக்குச் செஞ்ச மெஷின்லேர்ந்து தூக்கிட்டு வந்தது. அங்க சன்னத்துக்குத்தான் முதலிடம். அதனால அவர் ஃபைல்ல பூஜ்யம்னா சன்னம்.

இது என்னைக்காவது வம்புல கொண்டுபோய் விடும்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. அதனால ஒரு பொது ஃபைல் போட்டேன். அதுல 'நெல் குண்டு', 'நெல் சன்னம்'னு ரெண்டு பேரு வச்சு, எந்தப் பேருக்கு எந்த நம்பர்னு அந்த ஒரே எடத்துல எழுதினேன். மத்த ரெண்டு ஃபைலும் அங்கேர்ந்துதான் எடுத்துக்கணும், யாரும் எங்கயும் மொட்டையா பூஜ்யம், ஒண்ணுன்னு எழுதக் கூடாது. ரெண்டு நாள் உட்கார்ந்து அவர் ஃபைலையும் அதுக்கேத்த மாதிரி சரி பண்ணினேன்.

லீடர் பார்த்துட்டுச் சிரிச்சார். இருக்கறது ரெண்டு ரகம், இதுக்குப் போய் நாமகரணம் பண்ணிக்கிட்டு இருக்கீங்களேம்மான்னார். நம்பர் நம்பர்தானே, நீளமா பேரு வச்சா சின்ன சிப்புல மெமரி வீணாகும்னார். அதாங்க எனக்குப் பொறுக்கல. பேரு சிப்புக்குள்ள போறதே இல்ல. கம்பைல் பண்ணும்போதே, அதாவது நாம எழுதினதைச் சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்தும்போதே, பேரெல்லாம் உதிர்ந்து, நம்பர் மட்டும்தான் உள்ள போகும். பேரு வைக்கிறது சிப்புக்கு இல்ல, நாளைக்கு அதைப் படிக்கப்போற மனுஷனுக்கு. இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருக்கறவருக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். நேத்து வந்த ஒரு பொண்ணு தன் ஃபைல்ல கை வைக்கிறதாங்குற கோபம், வேற ஒண்ணும் இல்ல. பேரையெல்லாம் அழிச்சிட்டுப் பழைய ஃபைலையே வைக்கச் சொன்னார். டெஸ்ட்டுன்னும் ஒண்ணு நடந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது. ஒரு டப்பா நெல்லைப் போட்டு நம்பர் வருதான்னு பார்த்தாங்க. வந்துச்சு, மெஷின் கொள்முதல் நிலையங்களுக்குப் போயிருச்சு.

புரட்டாசி கடைசியில அம்மா போன் பண்ணினாங்க. அவங்க போட்டிருந்தது குண்டு ரகம். நெல்லைக் கொள்முதல் நிலையத்துல கொட்டி வச்சிருக்கு, முதல் நாள் ஈரம் இருபதுன்னு சொல்லி எடுக்கல, கிளறிக் கிளறிக் காய வச்சும் பத்தொன்பதுக்குக் கீழ இறங்க மாட்டேங்குதுன்னாங்க. கடிச்சுப் பார்த்தா நறுக்குன்னு உடையுதுடின்னாங்க. ஈரமா இருந்தா நெல்லு பல்லுல நசுங்கும், உடையாது. எங்க பக்கம் இது தெரியாத ஆள் கிடையாது. அதை விடக் கொடுமை, பக்கத்துக் குவியல்காரர் நெல்லு சன்ன ரகம், கையை விட்டா ஜில்லுன்னு ஒட்டுதாம், அதுக்குப் பதினாறு காட்டி மூட்டை பிடிச்சு ஏத்திட்டாங்களாம். அம்மா நியாயம் கேட்டதுக்கு, தண்ணியைத் தெளிச்சுக் கொண்டாந்திருப்பீங்கன்னு நாலு பேர் எதிர்ல ஒரு ஆள் சொல்லியிருக்கான். வாழ்நாள்ல ஒரு படி நெல்லுக்குப் பொய் சொல்லாதவங்க அவங்க.

ஞாயித்துக்கிழமை நானே போனேன். மேஜை மேல எங்க கம்பெனி மெஷின் உட்கார்ந்திருக்கு. அங்க இருந்த எழுத்தர்கிட்ட அம்மா நெல்லையே ஒரு பிடி போட்டுக் குண்டு பட்டனை அமுக்கச் சொன்னேன். பதினெட்டு. நெல்லை வெளிய எடுக்காம சன்னம் பட்டனை அமுக்கச் சொன்னேன். பதினைஞ்சு. புரிஞ்சு போச்சு. என் ஃபைல் குண்டுன்னு நினைச்சு பூஜ்யத்தை அனுப்புது, அவர் ஃபைல் அதைச் சன்னம்னு வாங்கிக்குது. குண்டு நெல்லுக்கெல்லாம் மூணு கூட்டிக் காட்டுது, சன்னத்துக்கெல்லாம் குறைச்சுக் காட்டுது. அம்மா நெல்லை முதல் நாளே எடுத்திருக்கணும்.

எழுத்தர் நல்ல மனுஷன்தான். மெஷின் தப்புன்னு நான் சொன்னதுக்கு, மெஷின் காட்டுறதைத்தான் நான் எழுத முடியும் மேடம், உங்க அம்மா பல்லை நம்பி எழுதினா என் வேலை போயிரும்னார். அவரைச் சொல்லிக் குத்தம் இல்ல.

லீடருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு கூட வேணாம், அடடான்னு ஒரு வார்த்தையாவது வரும்னு நினைச்சேன்.

"இதுக்குப் போய் புரோகிராமை மாத்தணுமா? பட்டன் மேல இருக்கற ஸ்டிக்கரை இடம் மாத்தி ஒட்டிடச் சொல்லுங்கம்மா"ன்னார்.

ஸ்டிக்கர்! நாலு நாளா ஒரு பொம்பள வெயில்லயும் தூத்தல்லயும் குனிஞ்சு குனிஞ்சு நெல்லைக் கிளறிக்கிட்டு, தார்ப்பாயை மூடிக்கிட்டும் திறந்துக்கிட்டும் இருக்காங்க, இவர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றார். அது உரிஞ்சு போனா அடுத்த குறுவைக்கு யாரு எந்தப் பட்டனை அமுக்குவாங்க? இன்னும் எத்தனை நிலையத்துல இந்த மெஷின் இருக்கு, அங்கெல்லாம் எத்தனை பேர் காஞ்ச நெல்லை வச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க? என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்ல சார், நான் மாத்தத்தான் போறேன்னு சொல்லிப் போனை வச்சேன்.

பையில லேப்டாப்பும் கேபிளும் இருந்துச்சு. எழுத்தர் தன் மேலதிகாரிக்குப் போன் பண்ணி அனுமதி வாங்கிக் கொடுத்தார். சாக்கு மூட்டை மேலயே உட்கார்ந்தேன். அழிச்ச பொது ஃபைலோட பழைய பிரதி பத்திரமா இருந்துச்சு. அதைத் திரும்ப எடுத்து, ரெண்டு ஃபைல்லயும் நம்பர் இருந்த எடத்துல பேரை வச்சு, மெஷின்ல ஏத்தினேன். அரை மணி நேரம் கூட ஆகல. எழுத்தர் சும்மா விடல, அடுத்த ஊர்லேர்ந்து வேற கம்பெனி மெஷினை பைக்ல கொண்டு வரச் சொல்லி, ரெண்டுலயும் அம்மா நெல்லைப் போட்டுப் பார்த்தார். ரெண்டும் பதினைஞ்சு காட்டுச்சு.

பெருந்தூத்தல் விழ ஆரம்பிச்சப்ப கடைசி மூட்டையைத் தைச்சு ஷெட்டுக்குள்ள தூக்கிட்டாங்க.

அம்மா தலைத்துண்டை உதறிக்கிட்டே வந்து, என்னதான்டி தப்புன்னு கேட்டாங்க. ஒண்ணு விடாம சொன்னேன். நான் பேரு வச்சது, லீடர் சிரிச்சது, அழிக்கச் சொன்னது, கடைசியில ஸ்டிக்கர் வரைக்கும். சொல்லச் சொல்ல எனக்குத்தான் குரல் ஏறுது. அம்மா முழங்கையில ஒட்டியிருந்த நெல் சுணையைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

"அழிக்கச் சொன்னது அவரு, சரி. அழிச்சது யாரு?"ன்னாங்க.

"நான்தாம்மா"ன்னேன்.