பதினோரு மணிப் பெட்டி

கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பியது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில், வண்ணத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் திரையில் ஒரு தவளையைத் தாவ வைக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். என் தவளைதான் வகுப்பிலேயே அதிக தூரம் தாவியது. அந்தத் தலைக்கனத்தோடு இராஜபாளையத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன்.

சித்தி ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் என்னையும் கூட்டிப்போவாள். அங்கே பெண்கள் மேசைக்கு ஒருவராக உட்கார்ந்து பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாகச் சுற்றுவார்கள். மணிக்கு யார் எத்தனை சுருள் சுற்றினார்கள் என்று சித்தி கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். சராசரி குறைந்த மேசைகளின் பட்டியலைச் சனிக்கிழமை முதலாளியிடம் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் பட்டியலில் வந்தால் அந்த மேசைக்கு வேறு ஆள்.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் அதனிடம் கேள்வி கேட்கும்படியான ஒரு புரோகிராமை முதலாளியின் மருமகன் போட்டுத் தந்திருந்தார். எதையும் எழுத வேண்டாம், வரைந்தால் போதும். ஒரு பெட்டியை இழுத்துவிட்டு அதில் எந்த வாரம் என்று சொல்ல வேண்டும். அடுத்த பெட்டியில் எந்த நேரம், அதற்கடுத்ததில் எத்தனைக்குக் கீழே. பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்துப் பொத்தானை அமுக்கினால் விடை வந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட சித்தி, முதலில் மவுஸைத் தொடவே பயந்தவள், இதைத் தானாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது அம்புட்டும் நானே போட்டதுல்லா" என்று எனக்குக் காட்டினாள். பெட்டிகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன, கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. என் தவளை இதில் ஓரடிகூடத் தாவாது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் மேசை அக்காவுக்குக் கைக்குழந்தை. தினமும் பதினோரு மணிக்கு அவளுடைய நாத்தனார் குழந்தையைக் கம்பெனி கேட்டுக்குத் தூக்கி வருவாள். அக்கா வாட்ச்மேன் அறைக்குள் உட்கார்ந்து பால் கொடுப்பாள். பசியாற்றி, தூங்கவைத்துத் திரும்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். முதலாளி மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். நானும் அக்கா பின்னாலேயே ஓடுவேன். குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்தால் லேசில் விடாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லாரியில் லோடு ஏற்றுவதைப் பார்க்கச் சித்தி எழுந்தாள். "செத்த நேரத்துல வாரேன், எதையும் தொட்றாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரையில் பட்டியல் காலியாக இருந்தது. சித்திக்கு உதவி செய்யலாம் என்று பெட்டிகளை வரிசையாக அடுக்கினேன். அப்போதுதான் அந்த ஒரு பெட்டி கண்ணில் பட்டது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான எண்ணிக்கையை எல்லா மேசைக்கும் விட்டுவிடச் சொன்னது அது. ஒரு முழு மணி நேரத்தை யாராவது விடுவார்களா? சித்தி தெரியாமல் செய்திருக்கிறாள் என்று அதை அழித்தேன், கோட்டைச் சேர்த்தேன், அமுக்கினேன். காலியாக இருந்த பட்டியலில் நான்காம் மேசை வந்து நின்றது.

முதலாளி எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்டார். விளக்கமாகச் சொன்னேன். போன வாரத்துக்கும் அதற்கு முந்தின வாரத்துக்கும் இப்படியே போட்டுக் காட்ட முடியுமா என்றார். முடியாமல் என்ன? வாரப் பெட்டியை மாற்றி மாற்றி அமுக்கினேன். இரண்டிலும் நான்காம் மேசை. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சித்தி திரும்பி வந்ததும் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று முதலாளி கேட்டார். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எட்டாப்பு படிச்சவதானே மொதலாளி. கை தவறி இழுத்து விட்டுருப்பேன்."

அவர் சிரித்தார். இனிமேல் பட்டியலை மருமகனே போடட்டும் என்றார். என் தலையைத் தடவி ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். சித்தி அவர் பின்னாலேயே அறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போயிருந்தாள் என்று நினைத்தேன். பாவம், இத்தனை நாளும் தப்பாகவே போட்டிருக்கிறாளே என்று அவளுக்காக வருத்தப்படவும் செய்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

திங்கட்கிழமை நான்காம் மேசையில் வேறொரு பெண் இருந்தாள். அக்கா லீவு போலிருக்கிறது, குழந்தை எப்படியும் வரும் என்று, அதற்கென மிச்சம் வைத்திருந்த இரண்டு பிஸ்கட்டோடு பதினோரு மணிக்குக் கேட்டுக்கு ஓடினேன். யாரும் வரவில்லை.

"அது இனிமே வராது பாப்பா" என்றார் வாட்ச்மேன்.

பால் குடிப்பதை நிறுத்திச் சோறு சாப்பிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே நின்று இரண்டு பிஸ்கட்டையும் தின்றுவிட்டு உள்ளே போனேன்.