பட்டியலில் இல்லாத வீடு

நெதர்லாந்துக்கு வந்த பிறகு படியிறங்குவதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். பாதம் முழுதாகப் பதியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி, பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். பதினோரு வருடமாகியும் அப்படித்தான். இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. ஆனால் இந்தப் படியை நான் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு ரீட் அம்மையாருக்கு எண்பது வயதிருக்கும். போன மார்கழியில் வேலியோரம் நின்று பேசும்போது, உங்கள் அம்மா இங்கே வந்துவிடுவாரா என்று கேட்டார். அப்பா போன பிறகு அம்மா திருவண்ணாமலையில், செங்கம் சாலை வீட்டில், தனியாக இருந்தாள். குளியலறையில் ஒருமுறை வழுக்கியும் விழுந்துவிட்டாள். என் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் கிடக்கிறது. இந்தப் படியில் அம்மாவால் ஏற முடியாது என்று என் அரைகுறை டச்சில் சொன்னேன். ரீட் கவலையோடு தலையாட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் செயல்பாட்டு ஆய்வும் முடிவெடுப்பு அறிவியலும் கற்பிக்கிறேன். ஆம்புலன்ஸை எங்கே நிறுத்தினால் எல்லோரையும் சீக்கிரம் எட்டலாம், ஓர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நர்ஸ்கள் வேண்டும் என்பது போன்ற கேள்விகளைக் கணக்காக்கி விடை தேடுவது என் ஆராய்ச்சி. முதல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். இருக்கிற வழிகளையெல்லாம் முதலில் எழுதுங்கள், பட்டியலில் இல்லாத வழியை எந்தக் கணக்காலும் தேர்ந்தெடுக்க முடியாது. வருடா வருடம் சொல்கிறேன். நன்றாகவே சொல்கிறேன்.

தை மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவின் விஷயத்தை முடித்துவிட்டு வருவதென்று ஓர் அட்டவணையோடு போனேன். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அக்கா வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அம்மாவும் அங்கே வந்திருந்தாள். அம்மா தன் வீட்டிலேயே ஆள் வைத்துக்கொண்டு இருப்பது, முதியோர் இல்லம், அக்கா வீடு என்று மூன்று வழிகள். ஆஸ்பத்திரி தூரம், பேச்சுத்துணை, பராமரிப்பு அனுபவம், இன்னும் சிலவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க். அக்கா வீடு முதலில் வந்தது. அக்காவின் மாமியார் மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. கலெக்டர் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பும் முன் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போகிறவள் அக்கா. அதற்காகத்தான் அனுபவத்தில் ஒன்பது போட்டிருந்தேன். இப்போது எழுதக் கை கூசுகிறது. அன்று அது நியாயமான மார்க்காகவே தெரிந்தது.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கடைசி வரி வரை படித்தாள். கோபப்படவில்லை.

“அம்மாவ நான் பாத்துக்கறேன். அதுக்கு இவ்ளோ கணக்கு வேணாம்,” என்றாள். பிறகு, “ஏன்டா, இதுல உன் வீடு எங்க?” என்று கேட்டாள்.

படி, குளிர், விசா என்று காரணங்களைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். சுவரோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாதான், தலை நிமிராமல், பதில் சொன்னாள்.

“அவன் எத்தினியோ வாட்டி கூப்ட்டான். அங்க குளிர் ஜாஸ்தி. நான்தான் வர மாட்டேன்னுட்டேன்.”

நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அது அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஆமாம்” என்றேன்.

மறுநாள் காலை எழுந்தபோது அம்மாவைக் கூடத்தில் காணவில்லை. மொட்டை மாடியில் காபி டம்ளரோடு நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டுக்கு வந்தால் தினமும் இப்படித்தானாம். திரும்பி இறங்கும்போது படிகளை எண்ணினேன். இருபத்திரண்டு.

நெதர்லாந்து வீட்டுக்குத் திரும்பியபோது கதவடியில் கிடந்த தபால்களோடு ஒரு விளம்பரத் தாள் இருந்தது. ட்ராப்லிஃப்ட். படியோரம் தண்டவாளம் பதித்து, வயதானவர்களை உட்காரவைத்து மேலே ஏற்றும் நாற்காலி. ஓரத்தில் ரீட் பேனாவால், உங்கள் அம்மாவுக்காக, இவர்கள் வீட்டுக்கே வந்து படியை அளந்து பார்ப்பார்கள், என்று எழுதியிருந்தார். நான் தட்டிக்கழிக்கச் சொன்னதை அவர் தீர்க்க வேண்டிய சிக்கலாக எடுத்துக்கொண்டுவிட்டார். என் ஆராய்ச்சியைப் பக்கத்து வீட்டில் இருப்பவர் செய்து முடித்திருந்தார்.

நேரில் பார்த்தபோது, அம்மா என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டார். குளிர் ஒத்துக்கொள்ளாது, வர மாட்டேன் என்றுவிட்டார் என்றேன். அம்மா என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை அப்படியே டச்சில் சொல்லிவிட்டேன். ரீட் அதை நம்பி என் கையைத் தட்டிக்கொடுத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவை நான் இன்னும் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அந்தத் தாளைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு படியாக எண்ணி இறங்குகிறேன். பதினைந்தில் தரை வந்துவிடுகிறது. எண்ணிக்கை நிற்பதில்லை. ஷூ மாட்டும்போது பதினாறு, பதினேழு என்று ஓடுகிறது. இருபத்திரண்டு வந்த பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.