நிமிர்ந்து பார்க்காத முகம்

எண்பத்தஞ்சோ எண்பத்தாறோ, வருசம் சரியா நினைவில்லை. ராஜபாளையத்தில் இருந்து வத்திராயிருப்புக்கு என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம், "அப்பாவுக்குக் கண்ணு தெரியலை, பாத்துக்கோ" என்பார். மாமாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாற வேண்டும். மாமாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன். குழாயில் அம்புட்டுக் கூட்டம். திரும்பி வந்தால் மாமாவைக் காணோம்.

டீக்கடைப் பக்கம் ஓடினேன், கக்கூஸ் பக்கம் ஓடினேன், நின்ற பஸ்ஸில் எல்லாம் எட்டிப் பார்த்தேன். கூப்பிடலாம் என்றால் வாய் வரவில்லை. அதுவரை சத்தமாக அவரைக் கூப்பிட்டதே இல்லை. கடைசியில் மைக் வைத்திருந்த டைம் கீப்பரிடம் போய் நின்றேன்.

"பேரு என்னம்மா?"

மாமனார் பேரை நான் எப்படிச் சொல்ல?

"பேரில்லாத ஆளையா தொலைச்சிட்டு வந்து நிக்கே? சரி, ஆளு எப்பிடி இருப்பாரு?"

கல்யாணமாகி அத்தனை வருசம் ஒரே வீட்டில் சோறு போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அவரை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. மீசை கறுப்பா வெளுப்பா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

"நல்ல மருமகதான் போ! வேட்டி சட்டை போட்டவரெல்லாம் உனக்கு மாமனாரா?" என்று பூக்காரம்மா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கழுத்தில் காமிராவோடு நின்ற ஒரு தம்பி மட்டும் சிரிக்கவில்லை. மெட்ராஸ்காரர். ஊர் ஊராகப் போய், பார்த்ததை எல்லாம் படம் எடுத்து, கதை மாதிரி அடுக்கிப் பத்திரிகைக்குக் கொடுக்கிறவராம்.

"அக்கா, முகம் வேணாம். உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்க" என்றார்.

"டயர் செருப்பு. வலது கால் கட்டைவிரல்ல மஞ்சத்துணி சுத்தியிருக்கும். நேத்துக் கல்லுல இடிச்சுக்கிட்டாக. நாந்தான் சுத்திவிட்டேன்."

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அந்தக் காலைப் படம் எடுத்தேங்க்கா! மதுரை பஸ்ல ஏறினாரே!"

டைம் கீப்பருக்கும் மனசு இளகிவிட்டது. "வத்திராயிருப்புன்னு டிக்கெட் கேட்டா, அந்த ரோடு பிரியுற கிருஷ்ணன்கோவில் விலக்குல கண்டக்டர் எறக்கி விட்டுருவான். ஓடும்மா" என்றார்.

அடுத்த பஸ்ஸில் அந்தத் தம்பியும் ஏறிக்கொண்டார். "ஒங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்?" என்றேன். "பாதியில விட்டா எனக்குக் கதை தெரியாமப் போயிடுமேக்கா" என்றார்.

சீட்டு இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. மதுரைக்கே போயிருந்தால்? இறங்கி, ரோட்டுக்கு நடுவில் நின்றிருந்தால்? வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வேன்?

கிருஷ்ணன்கோவிலில் டீக்கடை பெஞ்சுக்குக் கீழே மஞ்சத்துணி தெரிந்தது. அந்தக் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க போய்த் தொலைஞ்ச? ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா ஒனக்கு?" அத்தனை பேர் முன்னால் மாமா கத்தினார். தண்ணியை நீட்டினேன். மனசுக்குள் ஆத்திரம். தன் பாட்டுக்கு ஏறிப் போனது அவர், ஏச்சு எனக்கா?

தம்பி விலாசம் கேட்டார். மாமா தன் பேரோடு கணீர் என்று சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து மூன்று படம் தபாலில் வந்தது. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது. முதல் படத்தில் பஸ் படியில் அந்தக் கால். இரண்டாவதில் மாமா ஜன்னலோரம் இருக்கிறார். பக்கத்து இடத்தில் துண்டை விரித்து, யாரும் உட்காராதபடி கையை ஊன்றியிருக்கிறார். மூன்றாவதில் பஸ் நகர்ந்துவிட்டது. முகத்தை வெளியே நீட்டி, தெரியாத கண்ணை இடுக்கிக்கொண்டு வாய்விட்டு யாரையோ கூப்பிடுகிறார். என்னைத்தான். மீசை முழுக்க வெள்ளை. அச்சு அசல் என் வீட்டுக்காரர் சாயல்.

"என்ன படம்?" என்று மாமா கேட்டார்.

"நீங்க எனக்குச் சீட்டுப் போட்டு வச்ச படம் மாமா" என்றேன், நிமிர்ந்து பார்த்து.

மாமா போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்பவும் யாராவது என்மேல் எரிந்து விழுந்தால், நான் பார்க்காத நேரத்தில் அப்படி ஏசினவர்கள் எனக்காக எந்தச் சீட்டில் துண்டை விரித்து வைத்திருந்தார்களோ என்றுதான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.