ஆட்டம் இல்லாத தூண்டில் ஸ்டாண்டு

புதுவயல் ரைஸ் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மலையாண்டி, கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல் மீன் பிடிக்கக் கிளம்பினார். ஞாயிறு விடிந்தால் டிவிஎஸ் எக்ஸெல்லில் தூண்டில்கோலைக் கட்டிக்கொண்டு தொண்டிக்குப் போவார். போக வர நாள் போய்விடும். கொண்டுவருகிற கெளுத்தி வீட்டுப் பூனைக்குப் போதும், பூனை பெருந்தன்மையோடு நடந்துகொண்டால்.

அவருக்கு ஒரே குறை. தூண்டிலை வீசிவிட்டுக் கோலைச் சாய்த்துவைக்க நல்ல ஸ்டாண்டு இல்லை. கூட வரும் லாரி டிரைவர் சேவுகன் கருவேலங் கவட்டை ஒன்றை மணலில் ஊன்றி, அதில் கோலை வைத்துவிட்டுத் தூங்கிப்போவார். மலையாண்டியால் அது முடியாது. ஆயுள் முழுக்க மெஷினின் ஆட்டத்தை நிறுத்தியே சம்பளம் வாங்கியவர். இத்தனைக்கும் தொண்டிக் கரையில் அலை என்பது பேருக்குத்தான். வாளித் தண்ணீரில் அதைவிடப் பெரிதாக வரும்.

கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் டிசைன் எஞ்சினியராக இருந்த மகள் ரேணுகா, மூன்று கால் ஸ்டாண்டுகளின் படங்களைப் போனில் அனுப்பினாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். இரும்பு, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியம், அதே காற்றில் பறந்துவிடும். உயரமாக இருந்தால்தான் தூண்டில் நரம்பு அலையில் படாது என்று அவள் விளக்கினாள். உயரமாக இருந்தால் ஆடும் என்று அவர் முடித்தார்.

"நடுவுல கொக்கி இருக்குப்பா. பையில மணலை அள்ளித் தொங்கவிட்டீகன்னா ஆடாது."

"அப்ப கம்பெனிக்காரனே ஆடும்னு ஒத்துக்கிறான்ல, ஆத்தா."

சேவுகனுக்குப் பொறுமை போனது. "என்னண்ணே, ஸ்டாண்டு பார்க்கீகளா, பொண்ணு பார்க்கீகளா?"

"பொண்ணு பார்க்கப் போனா பஜ்ஜியாவது குடுப்பாகடா."

கடைசியில் ரேணுகா யாரையும் கேட்காமல் ஒன்றை வாங்கி அனுப்பினாள். துருப்பிடிக்காத எஃகு, காலை நீட்டி, கையாலேயே திருகி இறுக்கலாம், மடக்கினால் தோள்பையில் அடங்கும். ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் பெட்டி வந்து சேர்ந்தது. அதுதான் தப்பாகிப்போனது.

"அடுத்த பூசைக்குச் சந்தனம் குங்குமம் வச்சுத்தான் எடுக்கணும்" என்றார் மலையாண்டி.

"அப்பா, அது நெல் அரைக்காது."

"அதுக்குன்னு?"

மில்லில் எப்போதோ பூசைக்கு முன்னால் ஓட்டிய புது மோட்டார் புகைந்துவிட்டதாம். வோல்டேஜைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து பொட்டு வைக்காத எந்தச் சாமானையும் அவர் தொட்டதில்லை. ஊரே அறியச் சொல்லிக்கொள்வார். பெட்டி பீரோ மேல் ஏறியது. ரேணுகா ஒவ்வொரு வாரமும் போனில் கேட்பாள், "என்னப்பா, பீரோவுக்கு எதுவும் மீன் மாட்டுச்சா?"

பங்குனியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் படியில் உட்கார்ந்தார். எழவில்லை. விவரித்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கருமாதிப் படையலுக்கு அவருடைய தங்கை சோலையம்மாள் பொறுப்பேற்றாள். இலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வந்தது. கெளுத்திக் குழம்பு, வெற்றிலை, யாரும் வைக்காமல் தானாகவே வந்து நின்ற ஒரு குவார்ட்டர். ரேணுகா பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"இது எதுக்குத்தா?"

"அப்பாவோட ஸ்டாண்டு, அத்தை."

"எங்கண்ணன் தொடாத சாமான் அவுக சாமான் ஆயிருமா? புழங்குனதைத்தான் படையல்ல வைக்கணும். அங்குட்டு வையி."

துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை பூசை கிடையாது. அப்பாவின் சட்டப்படி பெட்டி இன்னும் காத்திருக்க வேண்டும்; இனி யாருக்காக என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு தடவை அவர் அதில் கோலைச் சாய்த்திருந்தால் போதும். ரேணுகா கேட்டது அவ்வளவுதான்.

அங்குட்டு வைக்கத் திரும்பியபோது கையில் டேப் ஒட்டியது. பழைய டேப்பின் மேல் இன்னொரு டேப். அவள் அங்கேயே உட்கார்ந்து பிரித்தாள்.

கையால் திருகும் நட்டு ஒன்றைக்கூடக் காணோம். எல்லா இடத்திலும் மில்லில் போடுகிற அறுகோண நட்டு. ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலுமாகச் சேர்த்து இழுத்த சிவப்புப் பெயிண்டுக் கோடு. நட்டு இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும், ஃபிட்டர்களின் வழக்கம். வாங்குபவர் சுலபமாக மடக்க வேண்டும் என்று யாரோ ஒரு எஞ்சினியர் மண்டையை உடைத்திருப்பான். மலையாண்டி அவனை ஒரே மத்தியானத்தில் தோற்கடித்து, ஸ்பேனர் இல்லாமல் விரிக்கவும் முடியாது, மடக்கவும் முடியாது என்ற நிலைக்கு ஸ்டாண்டைக் கொண்டுவந்திருந்தார்.

கால் நுனியில் மணல் காய்ந்து ஒட்டியிருந்தது.

ரேணுகா நிமிர்ந்தாள். வாசலில் நின்ற சேவுகன் உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாமா. தொண்டிக்குக் கொண்டுவந்தாகளா?"

"தை மாசத்துல இருந்து வாராவாரம் வந்துச்சு" என்றார் சேவுகன். "பொட்டு வைக்காம எடுத்தது தெரிஞ்சா புள்ள சிரிக்கும், சொல்லிராதடான்னாக."

"சாமானைத் தொடமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு" என்று சோலையம்மாள் ஆரம்பித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மீன் மாட்டுச்சா?" என்றாள் ரேணுகா.

"எங்கிட்டு? கோலையா பார்த்தாக? ஸ்டாண்டு ஆடுதா ஆடுதான்னு அதையேல்ல பார்த்துக்கிட்டிருந்தாக."

ரேணுகா எக்ஸெல் வண்டியின் டூல்ஸ் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பேனரை எடுத்துவந்தாள். நட்டுகளைத் தளர்த்திக் கால்களை விரித்து, ஒவ்வொரு கோடும் நேராக வரும்வரை மறுபடி இறுக்கினாள். சோலையம்மாள் இலையை நகர்த்தி இடம் விட்டாள். சந்தனத்தைக் குழைத்து மூன்று காலிலும் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டாள்.

ரேணுகா ஸ்டாண்டின் தலையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். இன்னொரு முறை, பலமாக.

"ஆடலைப்பா" என்றாள், படையலுக்குப் பின்னால் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்து.

படையல் முடிந்து சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். ஸ்டாண்டு இன்னும் கூடத்தின் நடுவிலேயே நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதில் இடித்துக்கொள்கிறார்கள். மடக்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்பேனர் வேண்டும். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்கிறாள் ரேணுகா.